நள்ளிரவில் கத்தும் லவ் பேர்ட்ஸும் வெளியே வராத ஹாம்ஸ்டரும்

கேள்வி: டொக்டர், நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி பிளாட்டில் மகன், மருமகள், பேத்தியோடு இருக்கிறேன். ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறோம். கூடு ஹோல் மூலையில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகன் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். அவர்களுடைய பகல் நமக்கு இரவு. அதனால் ஹோல் லைட் இரவு ஒன்று, ஒன்றரை வரை எரியும். சில மாதங்களாகக் குருவிகள் நள்ளிரவிலும் கத்துகின்றன. பகலில் உடம்பை உப்பிக்கொண்டு தூங்கி வழிகின்றன. சில நேரம் ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தபடி இருக்கின்றன. கண் நோயோ என்று பயமாக இருக்கிறது. முட்டையிடப் பானை வைக்காமலே பெண் குருவி தீன் கிண்ணத்துக்குள் முட்டையிடுகிறது. இது மூன்றாவது தடவை. பேத்தியின் ஹாம்ஸ்டர் இதற்கு நேர்மாறு. ஹோல் லைட் எரியும்வரை வெளியே தலை காட்டாது, எல்லோரும் படுத்த பிறகுதான் சக்கரத்தில் ஓடத் தொடங்கும். கரண்ட் போன இரவுகளில் மட்டும் குருவிகள் ஏழு மணிக்கே அடங்கிவிடும். கூட்டைத் துணியால் மூடினால் போதுமா? தூக்கத்துக்கு எடுக்கும் மெலடோனின் மாத்திரையைப் பொடியாக்கித் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கொடுக்கலாமா? வெளியே தெரு விளக்கடியில் காகங்கள்கூட இரவு இரண்டு மணிக்குக் கரைகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே காரணமா?

பதில்: டீச்சர், வெளிச்சத்தைப் பற்றிப் பேசும் முன் முட்டையைப் பற்றி ஒரு அவசர விஷயம். அடுத்தடுத்து முட்டையிடும் சிறிய பறவையின் உடம்பில் கல்சியம் வற்றிப்போகும். அப்புறம் ஒரு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். பெண் குருவி கம்பில் ஏறாமல் கூட்டின் அடியில் உட்கார்ந்திருந்தால், காலை அகட்டி வைத்து முக்கினால், மூச்சோடு சேர்ந்து வால் ஏறி இறங்கினால் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போகும் வழியில் அதைக் கதகதப்பாக வைத்திருங்கள். வயிற்றை அமுக்கி முட்டையை வெளியே எடுக்கப் பார்க்கக் கூடாது. உள்ளே முட்டை உடைந்தால் பறவை பிழைப்பது கஷ்டம். இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாவிட்டாலும், மூன்று தடவை முட்டையிட்ட பறவையை இந்த வாரத்துக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சரி, இனி கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மிகவும் உதவிய வரி கரண்ட் போன இரவைப் பற்றியது. அதே கூடு, அதே தீனி. டிவிச் சத்தமும் நின்றிருக்கும், ஆனால் பெரிய வித்தியாசம் வெளிச்சம் இல்லாததுதான். குருவிகள் ஏழு மணிக்கு அடங்கிவிட்டன. அவற்றின் தூங்கும் சக்தி கெடவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. தூங்கும் நேரம் வந்துவிட்டது என்ற செய்திதான் அவற்றுக்குப் போய்ச் சேரவில்லை.

நீங்கள் வளர்க்கும் லவ் பேர்ட்ஸ், நம் ஊர்க் கடைகளில் அந்தப் பெயரில் விற்கிற பட்ஜரிகார் என்ற சின்னக் கிளிகளாகத்தான் இருக்க வேண்டும். அவற்றின் சொந்த ஊர் அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம். பகலில் கண் கூசும் வெயில், பொழுது சாய்ந்தால் நல்ல இருட்டு என்று வாழ்ந்த பறவை அது. பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் அதற்கு அமைதியான இரவு வேண்டும். உங்கள் ஹோலில் லைட் அணைவது ஒன்றரைக்கு. ஆறு மணிக்கெல்லாம் விடிந்து காலி வீதியில் பஸ் சத்தமும் தொடங்கிவிடும். மிஞ்சுவது நாலரை மணி நேரம். பகல் தூக்கத்துக்கு வேறு காரணம் தேட முன் இதைச் சரி செய்ய வேண்டும். ஆனால் உப்பிக்கொண்டு இருப்பது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதனால்தான் இந்த வாரமே காட்டுங்கள் என்றேன்.

மனிதர் உட்பட பாலூட்டிகளுக்கு வெளிச்சம் வந்த செய்தி கண் வழியாக மட்டும்தான் மூளைக்குப் போகும். பறவைக்கு அப்படியில்லை. கண்ணுக்கு மேலதிகமாக, உடம்பின் கடிகாரத்தை நடத்துவதில் பங்குள்ள, மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பிக்கே வெளிச்சத்தை உணரும் சக்தி உண்டு. அதற்கும் கீழே, மூளையின் ஆழத்திலும் வெளிச்சத்தை உணரும் கலங்கள் இருக்கின்றன. மண்டையோடு மெல்லியது, தோல் மெல்லியது, அதனால் வெளிச்சம் ஊடுருவி உள்ளே போய்விடும். 1930களில் ஜாக் பெனுவா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் வாத்துகளின் கண்ணுக்கு வெளிச்சம் எட்டாமல் செய்து பார்த்தார். அப்படியும் விளக்கு வெளிச்சம் பட்டபோது அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன. 1968இல் இன்னொரு ஆய்வு வந்தது. பினியல் சுரப்பியை எடுத்துவிட்ட ஊர்க்குருவிகளை முழு இருட்டில் வைத்தபோது, அவை தூங்குவதற்கும் விழிப்பதற்கும் ஒரு ஒழுங்கே இல்லாமல் போய்விட்டது. ஆகவே உங்கள் குருவி தலையைத் திருப்பி முதுகுச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டாலும் ஹோல் லைட்டிலிருந்து முழுமையாகத் தப்ப முடியாது.

வெளிச்சத்தின் அளவையும் பார்ப்போம். அதை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். மேகம் மூடிய நாளில்கூடப் பல ஆயிரம். முழு நிலவு வெளிச்சம் அரை லக்ஸைக்கூட எட்டாது. இரவில் லைட் போட்ட ஒரு சாதாரண ஹோலில் நூறு, இருநூறு லக்ஸ் இருக்கும். நிலவைவிடப் பல நூறு மடங்கு. இதில் நாம் கவனிக்காமல் விடுவது பகலைத்தான். யன்னலிலிருந்து தள்ளி, ஹோல் மூலையில், பாதி திரைச்சீலை மூடிய நிலையில் பகலிலும் அதே நூறு, இருநூறு லக்ஸ்தான் கிடைக்கும். நம் கண் அதற்கு உடனே பழகிக்கொள்வதால் நமக்கு அந்த மூலை வெளிச்சமாகத் தெரிகிறது. அங்கேயே இருக்கிற குருவிக்குப் பகலும் இரவும் ஒரே மங்கல் வெளிச்சம்தான். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாதபோது உடம்பின் கடிகாரம் எதைப் பிடித்துக்கொண்டு ஓடும்? அதனால் இரவை இருட்டாக்கினால் பாதிதான் தீரும். பகலை உண்மையான பகலாக்குவது மற்றப் பாதி.

இங்கே சிலர் ஒரு வாதம் சொல்வார்கள். கொழும்பு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறது, ஜூனுக்கும் டிசம்பருக்கும் பகல் நீளத்தில் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை, ஆகவே நம் ஊர்ப் பறவைகள் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாது என்று. பனாமாக் காட்டில் வாழும் ஒரு வகை ஆண்ட்பேர்ட் பறவையை வைத்து 1998இல் இதைச் சோதித்தார்கள். பகலை வெறும் 17 நிமிடம் நீட்டியதுமே அதன் உடம்பு இனப்பெருக்கத்துக்குத் தயாராகத் தொடங்கியது. வெப்பமண்டலப் பறவைக்கே அவ்வளவு நுணுக்கமான கணக்கு இருக்கிறது. நீங்களோ பகலை ஏழு மணி நேரம் நீட்டியிருக்கிறீர்கள்.

முட்டைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. குருநாகல் பக்கம் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இயற்கைப் பகலோடு லைட்டும் போட்டு நாளுக்குப் பதினாறு மணி நேரம் வரை வெளிச்சம் கொடுப்பார்கள். வெளிச்சம் நீண்டால் முட்டை தொடர்ந்து வரும் என்பது அவர்களுக்குத் தொழில் பாடம். பட்ஜரிகார் கோழி மாதிரி வெளிச்சத்தை மட்டும் நம்பி முட்டையிடுவதில்லை. தாராளமான தீனி, பக்கத்தில் பாடும் ஆண், ஒளிந்து உட்கார ஒரு குழிவான இடம், இவையெல்லாம் சேர்ந்துதான் தூண்டும். உங்கள் வீட்டில் அந்த மூன்றும் இருக்கின்றன. அதோடு பத்தொன்பது மணி நேர வெளிச்சமும் சேர்ந்துவிட்டது. கூண்டுப் பறவைகள் ஓயாமல் முட்டையிடும்போது வைத்தியர்கள் முதலில் குறைக்கச் சொல்வது வெளிச்ச நேரத்தைத்தான்.

இட்ட முட்டைகளை உடனே எடுத்து எறியாதீர்கள். எடுத்தால் இழந்ததை நிரப்ப இன்னும் இடும். தானாக ஆர்வம் போகும்வரை இரண்டு, மூன்று வாரம் விட்டுவையுங்கள். குஞ்சு வேண்டாமென்றால், புதிய முட்டைகளை நன்றாக அவித்து ஆற வைத்து மறுபடி அதே இடத்தில் வைக்கலாம். அது எழுந்து போன பிறகு குழிவான தீன் கிண்ணத்தை மாற்றி, தட்டையான, ஆழமில்லாத ஒன்றை வையுங்கள். கல்சியத்துக்காகக் கணவாய் ஓடு ஒரு துண்டு கூட்டில் எப்போதும் தொங்கட்டும்.

ஒரு கண் திறந்திருப்பதற்கு வருகிறேன். கண்ணில் நீர், சிவப்பு, வீக்கம் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். பறவைகளால் மூளையின் ஒரு பாதியைத் தூங்க விட்டு மறு பாதியை விழிப்பாக வைத்திருக்க முடியும். விழித்திருக்கும் பாதிக்குச் செய்தி கொடுக்கிற கண் திறந்தே இருக்கும். வரிசையாகப் படுத்த வாத்துகளை 1999இல் கவனித்தார்கள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கின. ஓரத்தில் இருந்தவை அடிக்கடி ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தன. அந்தக் கண் கூட்டத்துக்கு வெளியே, ஆபத்து வரக்கூடிய பக்கம் பார்த்திருந்தது. இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். கூட்டுக்கு ஐந்தாறு அடி தள்ளி, அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். குருவி ஒரு காலை மடித்து வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொள்ளும். கீழ் இமை மெதுவாக மேலே ஏறிக் கண்ணை மூடும், நமக்கு நடப்பதற்கு நேர்மாறாக. அப்போது திறந்திருக்கும் கண் எந்தப் பக்கம் என்று பாருங்கள். டிவிப் பக்கம், அல்லது மகன் நடமாடும் பக்கம் இருந்தால், அது அங்கே காவல் காக்கிறது என்று அர்த்தம். அந்த மாதிரித் தூக்கம் உயிரைக் காக்கும், களைப்பை முழுதாகத் தீர்க்காது. ஒரே கண்தான், எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் மூடியிருக்கிறது என்றால் மட்டும் அது கண் பிரச்சினை. போகும்போது வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள்.

ஹாம்ஸ்டர் இரவில் நடமாடும் பிராணி. இருட்டுத்தான் அதற்கு வேலை நேரம். ஆனால் இருட்டைக் கண்டால் விழிக்கும், அவ்வளவுதான் என்று நினைக்க வேண்டாம். வெளிச்சம் அதன் மேல் வேறு விதமாகவும் வேலை செய்கிறது. நாம் இரவில் லைட் போட்டால் நமக்குத் தூக்கம் கலையும். எலி, ஹாம்ஸ்டர் போன்றவற்றுக்கு விழித்திருக்கும் நேரத்தில் லைட் போட்டால் ஓட்டம் நிற்கும், பதுங்கும், தூக்கம்கூட வந்துவிடும். இரண்டுக்கும் கருவி ஒன்றுதான். கண்ணின் விழித்திரையில், படம் பார்க்கிற கலங்களைத் தவிர, வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் அளக்கிற சில நரம்புக் கலங்கள் உண்டு. 2002இல்தான் அவற்றை உறுதியாகக் கண்டுபிடித்தார்கள். மெலனொப்சின் என்ற நிறமி அவற்றில் இருக்கிறது. நீல ஒளி பட்டால் அது அதிகமாகத் தூண்டப்படும். இந்தக் கலங்கள் கொடுக்கும் செய்தி மூளையின் அடியில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிற தலைமைக் கடிகாரத்துக்குப் போகிறது. இப்போது வெளிச்சம் என்ற அதே செய்தியைக் கேட்டு, பகல் பிராணி எழும்பும், இரவுப் பிராணி அடங்கும்.

ஆகவே உங்கள் ஹோலில் ஒரே விளக்கு இரண்டு வீட்டாரையும் எதிரெதிராகக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. குருவிக்கு நித்திரை பறிபோகிறது. ஹாம்ஸ்டருக்கு விழித்திருக்கும் நேரம் பறிபோகிறது. ஏழு மணிக்கு வெளியே வந்து ஓடி, தீன் சேர்த்து, மண்ணைக் கிளற வேண்டிய பிராணி ஒன்றரை வரை வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறது. அது சுகமாகத் தூங்குகிறது என்று பேத்தி நினைத்திருப்பாள், பாவம். சைபீரிய ஹாம்ஸ்டர்களில் செய்த ஓர் ஆய்வில், இரவு முழுதும் வெறும் 5 லக்ஸ் மங்கல் வெளிச்சத்தில் சில வாரங்கள் வைத்தபோதே அவற்றின் நடத்தை மனச்சோர்வு போல் மாறியது. ஹாம்ஸ்டர் கூட்டையும் ஹோலிலிருந்து மாற்றத்தான் வேண்டும். பேத்தி அது விளையாடுவதைப் பார்க்க ஆசைப்பட்டால், ஏழரைக்கு மேல் மிகவும் மங்கலான சிவப்பு பல்ப் ஒன்றைத் தள்ளி வைத்துப் பார்க்கலாம். சிவப்பு ஒளி இந்தப் பிராணிகளின் கண்ணுக்கு அதிகம் எட்டாது. இரவுப் பிராணிகளைக் காட்டும் மிருகக்காட்சிச்சாலைகளிலும் இந்த உத்தியைப் பாவிப்பார்கள். ஆனால் அந்தச் சிவப்பு பல்ப்பைக் குருவிக் கூட்டுக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். சிவப்பு ஒளிதான் தோலையும் எலும்பையும் நன்றாக ஊடுருவும், அதுதான் பறவை மூளையின் ஆழத்தில் இருக்கும் கலங்களை எளிதாக எட்டும். ஹாம்ஸ்டருக்கு இருட்டு என்று படுவது குருவியின் முட்டைப் பிரச்சினையைத் தீர்க்காது.

மெலடோனின் மாத்திரை வேண்டாம் டீச்சர். மெலடோனினை 1958இல் மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதைத் தூக்க மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது தூங்கும் பிராணிகளுக்கும் இரவில் சுரக்கிறது, இரவு முழுதும் ஓடித் திரியும் ஹாம்ஸ்டருக்கும் இரவில்தான் சுரக்கிறது. அது உங்கள் பழைய பாடசாலையின் மணி மாதிரி. மணி அடித்ததும் ஒரு வகுப்பு வீட்டுக்குப் போகும், இன்னொரு வகுப்பு மைதானத்துக்கு இறங்கும். மணியின் வேலை நேரம் சொல்வது மட்டும். லைட் எரியும் ஹோலில் பறவைக்கு அந்த மணியை வாயில் ஊற்றினால், ஒரு பக்கம் இரவு என்றும் மறு பக்கம் பகல் என்றும் இரண்டு செய்தி போகும். அதோடு மனிதருக்குச் செய்த மாத்திரை முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள குருவிக்கு எவ்வளவு என்று வீட்டில் கணக்குப் போட முடியாது. தண்ணீரில் கலந்தால் எது எவ்வளவு குடித்தது என்றும் தெரியாது. இருட்டைக் கொடுத்தால் அதன் உடம்பே அளவாகச் சுரந்துகொள்ளும், செலவும் இல்லை.

துணியால் மூடுவது நல்ல எண்ணம், ஆனால் மூன்று குறை உண்டு. மெல்லிய துணி வெளிச்சத்தை விடும். தடித்த போர்வை காற்றை அடைக்கும், நம் ஊர் வெக்கையில் அது ஆபத்து. பறவைக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கத்தான் தெரியும். மூன்றாவது, துணி சத்தத்தை மறைக்காது. மகன் இரவு முழுக்க மீட்டிங்கில் கதைத்துக்கொண்டிருந்தால், துணிக்குள் இருந்தபடி குருவி பதில் சொல்லும்.

அதனால் கூட்டையே இடம் மாற்றுங்கள். பொழுது சாய்ந்த பிறகு யாரும் லைட் போடாத அறை எது? உங்கள் அறையில் ஏழு மணிக்கு மேல் லைட் போடாமல் இருக்க முடியும் என்றால், அதுவே போதும். சமையலறைக்கு மட்டும் வேண்டாம். ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை, நமக்கு மணமே தெரியாத அளவிலும், சின்னப் பறவைகளை நிமிடங்களில் கொன்றுவிடும். நுளம்புச் சுருள் கொளுத்தும் அறையும் வேண்டாம். புதிய இடத்தில் கூட்டின் மூன்று பக்கத்தை அடர் நிறப் பருத்தித் துணியால் மூடி, சுவர்ப் பக்கத்தைத் திறந்து விடுங்கள். இருட்டு போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரவில் வீட்டு லைட்டுகள் வழக்கம்போல் எரியட்டும். நீங்கள் பத்திரிகை ஒன்றைக் கூட்டுக்குப் பக்கத்தில் துணிக்குள் பிடித்து, தலையையும் உள்ளே விட்டு, கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். தலைப்பு எழுத்து வாசிக்க முடிந்தால் இன்னும் வெளிச்சம் கூட. எங்கிருந்து வருகிறது என்று தேடி அடையுங்கள். கதவுக்குக் கீழ் இடுக்கு, தெரு விளக்கு விழும் யன்னல், சார்ஜர் விளக்கு என்று ஏதாவது அகப்படும்.

இருட்டைத் திடீரென்று கொண்டு வராதீர்கள். பட்டென்று லைட் அணைந்தால் கம்பில் ஏற முடியாமல் குருவி கலவரப்பட்டுக் கம்பியில் மோதும். ஆறரைக்குப் பெரிய லைட்டை அணைத்துவிட்டு ஒரு மூலையில் சின்ன மஞ்சள் விளக்கு மட்டும் விடுங்கள். இரண்டும் கம்பில் ஏறி உட்கார்ந்ததும், ஏழு மணிக்கு அதையும் அணையுங்கள். காலை ஏழு வரை திறக்க வேண்டாம். பெண் குருவியின் முட்டை நிற்கும்வரை பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாத இருட்டு வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான்.

காலையில் பகலைக் கொடுங்கள். கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் வைப்பது போதாது. விட்டமின் டி உண்டாக்கத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்த விட்டமின் இல்லாவிட்டால் கணவாய் ஓட்டைக் கொத்தியும் கல்சியம் உடம்பில் சேராது. ஏழு மணியிலிருந்து எட்டுக்குள், பல்கனியில், கூட்டின் பாதியில் வெயிலும் பாதியில் நிழலும் விழும்படி அரை மணி நேரம் வையுங்கள். நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். வெள்ளவத்தைக் காகங்கள் கூட்டுக் கம்பிக்குள் அலகை விட்டு இழுக்கும், பூனையும் வரும். அதன் பிறகு பகல் முழுதும் யன்னலோரம் இருக்கட்டும்.

காகங்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஓரளவு ஒரே காரணம்தான். காகம் நிலவு இரவிலும் கரையும், அடையும் மரத்தில் யாராவது கலைத்தாலும் கரையும். ஆனால் மரத்துக்கு நேரே வெள்ளை எல்ஈடி தெரு விளக்கு எரியும் இடத்தில் அதற்கு நல்ல நித்திரை கிடைக்காது. 2020இல் மெல்பேர்ன் ஆய்வாளர்கள் புறாக்களையும் அவுஸ்திரேலிய மக்பை பறவைகளையும் தெரு விளக்கு அளவு வெளிச்சத்தில் வைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். இரண்டுக்கும் தூக்கம் குறைந்தது. மக்பைக்கு மஞ்சள் விளக்கில் பாதிப்புக் குறைவு, புறாவுக்கு வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுதான். ஆகவே விளக்கின் நிறத்தை மாற்றினால் எல்லாப் பறவைக்கும் சரிவரும் என்று சொல்ல முடியாது. விளக்குக்கு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புவதுதான் நல்லது. உங்கள் பிளாட் சங்கக் கூட்டத்தில் கீழே கார் நிறுத்துமிடத்து விளக்குகளையாவது அப்படி மாற்றச் சொல்லிக் கேளுங்கள். நான் எங்கள் கட்டடத்திலும் இதைத்தான் வற்புறுத்துகிறேன். சித்திரை வருஷம் பிறக்கும் காலத்தில் விடியமுன் கூவுவது குயில். அது விளக்கால் வந்தது என்று நினைக்க வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் விடியலுக்கு முன்பே கூவுவது அதன் இயல்பு.

புத்தர் பிறந்த வெசாக் நாட்களில் தெருவெல்லாம் வெளிச்சக்கூடும் தோரணமுமாக விடிய விடிய எரியும். கண்ணுக்கு விருந்துதான், பேத்தியையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அந்த இரவுகளில் குருவிக் கூடு தெருப் பக்க யன்னலிலிருந்து விலகி உள்ளே இருக்கட்டும்.

இதே மாதிரி நாய் வளர்ப்பவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். வயதான நாய் பகலில் தூங்கி இரவில் வீடு முழுக்க நடந்து திரிகிறது என்று. காலை வெயிலில் நடை, இரவில் இருட்டு, இவை நாய்க்கும் உதவும். ஆனால் வயோதிப நாயின் இரவு நடமாட்டத்துக்கு மூட்டு வலி, சிறுநீரகக் கோளாறு, மூளைத் தேய்வு என்று பல காரணம் இருக்கலாம். லைட்டை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, பரிசோதிக்க வேண்டும்.

டீச்சர், நீங்கள் ஒரு கொப்பி எடுத்து இன்றிலிருந்து நாலு விஷயம் எழுதி வையுங்கள். இரவில் கடைசியாகக் கத்திய நேரம், காலையில் முதல் கத்தல், பகலில் தூங்கிய நேரம், முட்டையிட்ட திகதி. உடம்புக் கடிகாரம் சில நாட்களில் திரும்பத் தொடங்கும், முட்டை நிற்க அதைவிடக் கூடுதல் காலம் எடுக்கும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் பகல் தூக்கம் குறையவில்லை என்றால் வெளிச்சத்தைத் தாண்டி வேறு நோய் இருக்கலாம். எச்சப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். இருட்டு ஒழுங்காகக் கொடுத்தும் நாலாவது தடவை முட்டையிட்டால், அதை நிறுத்த ஹோர்மோன் ஊசி மருந்துகள் இருக்கின்றன. அதைக் கொடுப்பதா, ஆணைக் கொஞ்ச காலம் பிரித்து வைப்பதா என்று உங்கள் வைத்தியர் பறவையைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். போகும்போது அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.